உண்டியலுக்குப் போன வெள்ளிக் கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசனை. பேனாவை எடுத்தால் சிரிப்பு வரும், கூடவே மாரியாத்தாள் கோவித்துக்கொள்வாளோ என்று பயமும் வரும். நான் எட்டாங்கிளாஸோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. மருமகள் செல்வி மூணாறு பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டுப் பெண். வீட்டிலேயே வெள்ளித் தகட்டில் இலை, பூ என்று அச்சுப் பதித்து நகை செய்து மூணாறு கடைகளுக்கு அனுப்புவாள்.

"சுத்த வெள்ளி ரொம்ப மெது அத்தை, வளஞ்சிரும். நூத்துக்கு ஏழரைப் பங்கு செம்பு சேத்தாத்தான் நிக்கும். அதுதான் ஸ்டெர்லிங். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் காசு அடிச்ச கணக்கு. நம்ம ரூபாய்ங்கிற பேரே வெள்ளியில இருந்து வந்ததுதான்" என்பாள். (ஏழரை என்றதும் எனக்குச் சனீஸ்வரன் ஞாபகம்தான் வரும். மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.)

அப்போது என் வீட்டுக்காரருக்குக் குதிகால் வலி. மாரியம்மன் உண்டியலில் வெள்ளிக் கால் போடுவதாக வேண்டியிருந்தேன். (கண்ணுக்குக் கண்மலர், காலுக்குக் கால். எங்கள் பக்கத்து வழக்கம்.) வெள்ளிக்கிழமை காலையில் சாமி அலமாரியைத் திறந்தால், விளக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளித் தகடு. அதில் ஒரு கால்!

மாமனாருக்காக மருமகளே செய்து வைத்திருக்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால் ரொம்பச் சின்னதுதான். வெள்ளி விற்கிற விலைக்குப் பாவம் அவளும் என்ன செய்வாள், ஆத்தாளுக்குத் தெரியாதா! செல்வி பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் பெருமையாகக் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

"அத்தை, சாமிகிட்ட வச்சிருந்த டாலர எங்க?"

"டாலரா? காலைத்தானே கேக்கறே? உண்டியல்ல போட்டுட்டேன் கண்ணு."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது என் பேரன் கால். குறைமாசத்தில் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் மை தடவி ஒற்றியெடுத்த அந்தக் காலடி, என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அந்தக் காகிதத்தையே தகட்டில் ஒட்டி, சிற்றுளியால் கோடு கோடாகத் தட்டியிருக்கிறாள். வேலை முடிந்தபோது காகிதம் தூள்தூளாகிவிட்டது. இனி அந்தக் காலடிக்கு வேறு அடையாளம் கிடையாது. ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் காத்துக்கிடந்த அவள் அம்மாவுக்கு, அன்று சாயங்காலம் கழுத்தில் போட்டுவிடத்தான் சாமிகிட்ட வைத்திருந்தாள்.

கோயிலுக்கு ஓடினேன்.

"உள்ள உழுந்தது ஆத்தாளுதுங்க அக்கா. கைய உட்டா தெய்வக் குத்தமுங்க" என்றார் பூசாரி. உண்டியலைக் கட்டிப்பிடித்து அழுதேன். (காணிக்கை போட வந்தவர்கள் பயந்து விலகிப் போனார்கள்.)

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சொன்னார்: "போனாப் போகுது மதினி. புள்ள கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தப்போ அந்தக் காலுக்காக நான் வேண்டாத சாமியில்ல. காப்பாத்திக் குடுத்தவகிட்டயே போயிச் சேந்துட்டு."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து காப்பி போட்டாள்.

அடுத்த மாசமே பேரன் எழுந்து நடந்தான். இப்போது ஓட்டம்தான், பிடிக்க முடியாது. வீட்டுக்காரர் இன்றைக்கும் நொண்டிக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார்: "ஆத்தா மேல தப்பில்லீங்க. எந்தக் காலு வந்துச்சோ அதைத்தானுங்க சரி பண்ணுவா?"

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.