உரிமையாளர் மட்டும் உட்காரலாம்

கோபத்தில் நான் பேசியது எதுவும் தப்பாக இருந்ததில்லை. பேசி முடித்த பிறகு நடப்பதுதான் தப்பாகப் போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குப் பக்கத்தில், ஒரு ஃபிளாட்டின் நாலாவது மாடியில் இருந்தோம். ஊரெல்லாம் மழை கொட்டும். எங்கள் குழாயில் காற்றுதான் வரும். கீழ்வீட்டுக்காரர்கள் காரைக் கழுவி, வாசலைக் கழுவியது போக மிச்சம் இருந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். நான் குடத்தோடு நாலு மாடி ஏறுவேன். (லிஃப்டில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாதாம். சிந்துமாம்!)

மேல்மாடிக்குத் தனிக்குழாய் கேட்டு என் கணவர் மாதாமாதம் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போவார். "அடுத்த கூட்டத்துல பாப்போம்னுட்டாங்க" என்று பழம்பொரி வாசனையோடு திரும்பி வருவார். (அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி.) எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பிவிட்டேன்.

"நீ வராதளா. இன்னிக்கு எப்படியும் முடிஞ்சிரும்" என்றார். நான் கேட்டால்தானே!

தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "சார் வந்திட்டுண்டல்லோ. பின்னெ மேடம் எந்தினா? ஓனர் மாத்திரம் மதி."

சார் வந்தாச்சாம், மேடம் எதுக்காம், ஓனர் மட்டும் போதுமாம்! "ஓனர் நான்தான். வீடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. இவர்தான் எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை.

"ஓனர் மட்டும்தான்னா எல்லாருக்கும் அதே ரூல்தானே? ஓனர் இல்லாத அத்தனை பேரும் எந்திரிச்சு வெளியே போங்க!"

முதலில் எழுந்தவர் என் கணவர். அடுத்து மூன்றாம் மாடி வங்கிக்காரர். வீடு மனைவி பெயரில். சாலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியின் வீடு மாமியார் பெயரில். (பாவம், தலை நிமிரவே இல்லை.) இப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் தலைவர்! வீடு துபாய் மகன் பெயரில். அவர் குனிந்து செருப்பைத் தேடியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். மிச்சம் நானும் மூன்று கீழ்வீட்டு ஓனர்களும்.

அதில் ஒருவரான செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அப்போ வோட்டு எடுக்காம் அல்லே? தனிக்குழாய் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கை. என்னுடையது. தனிக்குழாய்ப் பேச்சையே ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தால் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். "ஒரு மாசமா வீடு வீடாப் போயி, அவங்க குடுத்த பழம்பொரியெல்லாம் தின்னு, ஒவ்வொருத்தரையா சம்மதிக்க வச்சேன்ளா. அத்தனை பேரையும் நீயே எழுப்பி விட்டுட்டியே!"

"முன்னாலேயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

அன்று சாயங்காலமும் குடத்தோடு ஏறினேன், ஒவ்வொரு படிக்கும் அந்தத் தலைவரைத் திட்டிக்கொண்டே. இன்றும் ஆறவில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு, சொல்லுங்கள்?

இப்போது வேறு வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர். ஆனால் நான் குரலை உயர்த்தினால் போதும், கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மகளும் பின்னாலேயே போவாள். புது மாப்பிள்ளை ஒருநாள் மிரண்டுபோய், "எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"வீடு அம்மா பேர்ல. நீங்களும் வெளிய வாங்க" என்றாள் மகள்.

கூடத்தில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். வாசலிலிருந்து கணவர் குரல் வந்தது: "என்னளா, தீர்மானம் பாஸாயிட்டா?"