சேற்றில் சிக்கிய சபதம்

நல்லமுத்து முடிவெடுத்துவிட்டார். மச்சினன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவர் போகப்போவதில்லை. மனைவியையும் போகவிடப்போவதில்லை.

காரணம் சின்னது. கோபம் பெரியது. ஓய்வுபெற்ற கையோடு ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி ஜெலுத்தோங் துறையில் கட்டியிருந்தார். பார்க்க வந்த மச்சினன் புவனேஸ்வரன், "என்ன அத்தான், குளிக்கத் தொட்டி வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். அவன் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே சபதம் செய்தார். அதிலிருந்து அந்த வீட்டில் விசேஷம் என்றால் போதும், இவர் மனைவி குமுதாவைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். காதுகுத்துக்கு அப்படித்தான். குடிபுகும் விழாவுக்கும் அப்படித்தான்.

இந்தத் தடவை குமுதா அழுவாள், சண்டை போடுவாள் என்று காத்திருந்தார். அத்தை வராமல் தட்டு மாற்றக்கூடாது என்று கல்யாணப்பெண் அதிரா அடம்பிடிக்கிறாளாம்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம்."

"சரிங்க."

"வர்றதுக்குச் சாயந்திரம் ஆகும்."

"ஆகட்டும். பௌர்ணமி வேற. தண்ணி நெறைய ஏறும், நெறைய வத்தும். பாத்து ஓட்டுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். சண்டைக்கு ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது சோறு இறங்கவிடாத கோபம்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கடல் கரை விளிம்புவரை ஏறிக் கிடந்தது. கடல்மேல் போகும் பாலத்துக்கு அடியில் புகுந்து தெற்கே ஓட்டினார். ஆழம் குறைந்தால் கத்தும் கருவி ஒன்று படகில் உண்டு. அதை எப்போதோ அணைத்துவிட்டார். வீட்டில் கத்துகிற ஒன்று போதும்.

அமான் தீவில் இறால் போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். அவர் மரத்தடியில் தூங்கினார். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. படகைத் திருப்பினார்.

"கரையோரம் போகாதீங்க. சேறு."

"தெரியும்."

"மிதவைக்கு வெளியிலேயே போங்க."

"தெரியும்லா."

"புக்கிட் தம்பூன் பக்கம் வேணவே வேணாம். தம்பி வீட்டுப் பந்தல் கரையிலதான் போட்டிருக்காங்க. எல்லாரும் பாப்பாங்க. நமக்குத்தான் வெக்கம்."

வெட்கம். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

"எனக்கென்னடி வெக்கம்? நான் என்ன திருடனா? தொட்டி எப்படி ஓடுதுன்னு அவன் கண்ணால பாக்கட்டும்."

வலப்பக்கம் ஒரே திருப்பு. முழு வேகம். பந்தல் தெரிந்தது. நாதஸ்வரம் கேட்டது. நல்லமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். அப்போது எஞ்சின் இருமியது. கேழ்வரகுக் கூழ் கிண்டுவதுபோல் சேற்றைக் கிண்டியது. நின்றது. படகும் நின்றது.

பின்னால் எடுத்தார். நகரவில்லை. கழியை ஊன்றித் தள்ளினார். கழி உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. இறங்கித் தள்ளினார். தொடைவரை போனார், செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. மணி அடித்ததும் கிளம்பும் குமாஸ்தாவைப்போல் தண்ணீர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

"சேறு இருக்குன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னேங்க."

சொன்னாள்தான். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

"மறுபடி எப்ப ஏறும்?"

"ராத்திரிதான்."

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாதிப்பேர் கையில் கைப்பேசி. புவனேஸ்வரன், கெராங் சிப்பி பொறுக்குகிறவர்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டு போகும் பலகை இரண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க அக்கா. அத்தான், நீங்களும் வாங்க."

தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தாலாவது திட்டலாம்.

"நான் வரமாட்டேன்."

குமுதா வற்புறுத்தவில்லை. பலகையில் உட்கார்ந்து, உற்சவமூர்த்தி மாதிரி ஆடாமல் அசையாமல் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். நல்லமுத்து தனியாக உட்கார்ந்திருந்தார். கொசு வந்தது. பக்கத்தில் ஒரு கொக்கு வந்து நின்று அவரையே பார்த்தது. அதையும் திட்டினார்.

கரையிலிருந்து அதிரா கத்தினாள். "மாமா, நீங்க வர்றீங்களா, நான் வரட்டுமா?"

"போடி உள்ள."

அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலைச் சேற்றில் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். முழங்கால்வரை போய்விட்டது.

"அறிவிருக்கா உனக்கு? நிச்சயதார்த்தப் புடவைடி. ஏறு மேல. டேய், அந்தப் பலகையக் கொண்டாடா."

தோட்டத்துக் குழாயைப் பீய்ச்சி அவரைக் கழுவினார்கள். மச்சினன் வேட்டியைக் கட்டிவிட்டார்கள். வாசற்படியை மட்டும் மிதிக்காமல் எட்டித் தாண்டினார். சபதம் சபதம்தான்.

மாமாவின் இடம் காலியாகவே இருந்தது. உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளை வீட்டார் பவ்வியமாகக் கும்பிட்டார்கள். அத்தை முறைக்குக் கையில் தட்டோடு குமுதா நின்றாள், தம்பி மனைவியின் பட்டில், முகத்தில் அத்தனை பூரிப்பு. யாரையாவது ஏதாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு. மச்சினனை இழுத்துக் காதில் சீறினார்.

"நிச்சயதார்த்தத்தைக் காலையில வைப்பாங்க. எவன்டா ஏழு மணிக்கு நேரம் குறிச்சவன்?"

"அக்காதான், அத்தான். நீங்க தரை தட்டி, கழுவித் துடைச்சு வந்து உக்கார ஏழாயிடும்னு போன மாசமே சொல்லிட்டாங்க."