சத்தம் வராத கம்ப்யூட்டரும் நான் ஆட்டிய தலையும்

பாசிர் கூடாங்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய என் மனைவி தனலெட்சுமிக்கு, உன் கணவன் கமலநாதன் எழுதுவது.

இங்கே நானும் வீடும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கடல் தாண்டிச் சிபுவில் நீயும் மகள் ஷாமளாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சம்பந்தியம்மாவும் அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். விளக்கு தினமும் ஏற்றுகிறேன். நம்பாவிட்டால் வந்து பார், எண்ணெய் புதுப் பாட்டில்.

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீ போனதும் இல்லை. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் செய்தால் மாப்பிள்ளை மரியாதைக்காக அதை ஸ்பீக்கரில் போட்டு, "மாமா பேசுறாங்க" என்று வீட்டையே கூட்டிவிடுகிறார். சம்பந்தியம்மா என் சர்க்கரை அளவை விசாரிக்கிறார்கள். அந்தச் சபையில் வைத்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றியது.

நீ பேத்தியைப் பார்க்கக் கிளம்பிப் போன புதிதில் ஷாமளா போனிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்து ஓர் ஏற்பாடு செய்தாளே, அதைத்தான் சொல்கிறேன். ஏழு மணிக்கு அங்கே நீ அடுப்பு மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைப்பாய். இங்கே நான் அவளுடைய பழைய கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு தட்டோடு உட்காருவேன். நீ சமைப்பாய், நான் சாப்பிடுவேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். அங்கே கடுகு வெடிக்கும். குழாயைத் திறந்து மூடுவாய். நடுவில் திரும்பாமலேயே, "ரசத்தச் சூடு பண்ணீங்களா, இல்ல அப்படியே ஊத்திக்கிட்டீங்களா" என்பாய். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் இந்த வீட்டில் ஆள் இருப்பது மாதிரி இருக்கும். நீ லேப்டாப்பை மூடிய பிறகு நான் தட்டைக் கழுவும் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.

ஒரே குறை, பழைய திரையில் உன் முகம் பிஸ்கட் அளவுதான் தெரிந்தது. ஆகவே உன்னிடம் சொல்லாமல் பெரிய திரை ஒன்று வாங்கினேன். பக்கத்து ஊர் மாசாயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரூபேந்திரனிடம் வாங்கி, நானே வீட்டில் மாட்டினேன். பின்பக்கம் ஒரே ஒரு ஒயர்தான். மாட்டியதும் உன் முகம் அண்டா மூடி அளவுக்கு வந்தது. மூக்குத்திக் கல் தெரிந்தது. நானும் சந்தோஷமாகச் சோற்றைப் பிசைந்தேன். நீ வாயைத் திறந்து என்னவோ சொன்னாய். சத்தம் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். புதுத் திரை வாங்கினேன் என்பேன். எதற்கு என்பாய். உன் முகத்தைப் பெரிதாகப் பார்க்க என்று, உனக்குப் பின்னால் சம்பந்தியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்று அன்றைக்குத் தலையை ஆட்டிச் சமாளித்தேன். "ம்" என்றேன், "சரி சரி" என்றேன். நான் பேசியது உனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வினையே அங்கேதான்.

மறுநாள் காலை வேலையில் இறங்கினேன். நான் ஆலையில் வேலை பார்த்தபோது பாய்லரில் அழுத்தம் குறைந்தால் பம்பில் ஆரம்பித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டே போவோம், கோளாறு வழியில் எங்காவது மாட்டும். அந்தக் கணக்கில் ஸ்பீக்கர் பெட்டியில் ஆரம்பித்தேன். அதன் ஒயர் கம்ப்யூட்டரின் முதுகில் பச்சைத் துளையில் இருந்தது. பக்கத்தில் ரோஸ் துளையும் நீலத் துளையும் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் பச்சைக்கே திரும்பினேன். ஸ்பீக்கர் குமிழைக் கடைசிவரை திருகினேன். திரையின் மூலையில் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும், அதை அழுத்தி நூறுக்கு ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். பெட்டியைக் கழற்றி ஊதினேன், உள்ளே இருந்த தூசியில் எனக்கு இரண்டு நாள் தும்மல். பிறகு ஸ்பீக்கரில்தான் கோளாறோ என்று ஒயரைப் பிடுங்கிப் போனில் செருகி, யாரோ அனுப்பியிருந்த காலை வணக்கத்தைத் தட்டினேன். குமிழ் கடைசியில் நின்றதை மறந்துவிட்டேன். அந்த மனிதர் நம் தாமானில் உள்ள அத்தனை வீடுகளுக்கும் இனிய நாள் வாழ்த்தினார். பக்கத்து வீட்டு வாசுகி கையில் துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டாள். ஆக, ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் சனிக்கிழமை கோயிலிலிருந்து இரண்டு பேர் லாரியோடு வந்து நம் சோபாவைத் தூக்கினார்கள். என்னப்பா இது என்றேன். கோயில் ஆபீசுக்குப் பழைய சோபாவைக் கொடுப்பதாக நீ போனில் சொன்னாயாம், நானும் சம்மதித்துவிட்டேனாம். எந்தத் தலையாட்டலில் சம்மதித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. இல்லை என்று சொன்னால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். ஒரு முனையை நானே பிடித்து லாரியில் ஏற்றிவிட்டேன். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் விஜயன் வந்திருந்தான். என்னோடு பாய்லரில் ஷிப்ட் பார்த்தானே, இப்போது சிபுவில் கப்பல் பட்டறையில் இருக்கிறான், அவன்தான். லீவில் வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரை விடுங்கள், பாய்லர் பக்கத்தில் நின்ற காதை முதலில் பாருங்கள் என்றான். நியாயமாகத்தான் பட்டது. கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என் காதுக்குள் தண்ணீர் பீய்ச்சி எடுத்ததை உனக்கு எழுத மாட்டேன். வெளியே வந்தால் உலகமே இரைகிறது. குளிர்பெட்டி முனகுவது கேட்கிறது, வாசுகி வீட்டுக் குளியலறை கேட்கிறது. நான் மெல்லுவது எனக்கே கேட்கிறது. இத்தனை வருடம் இந்தச் சத்தத்துக்கு எதிரில் உட்கார்ந்து நீ எப்படிச் சாப்பிட்டாய் தனம்? எல்லாம் கேட்டது. ஏழு மணிக்கு நீ பேசியது மட்டும் கேட்கவில்லை.

ரூபேந்திரன் கடைக்கே திரும்பப் போனேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே, "சவுண்ட் கார்டு போயிருச்சு லா அங்கிள்" என்றான். கம்ப்யூட்டருக்குள் சத்தத்தை உண்டாக்கும் பாகம் அதுதானாம். அது போனால் வெளியில் செருகிக்கொள்ளலாம் என்று கட்டைவிரல் அளவில் ஒரு கார்டைக் கொடுத்தான். செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பழைய துளையிலிருந்து எடுத்து அந்தக் கார்டில் மாட்ட வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குள் யோங் பெங்கிலிருந்து உன் தங்கை செல்வராணி போன் செய்தாள். என்னைப் பாராட்டுவதற்காகவாம். "அத்தான், ஒங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு. சம்பந்தியம்மா அடுத்த வாரம் தைப்பிங் திரும்புறாங்க, ஷாமளாவுக்கும் பள்ளிக்கூட லீவு முடியுது, புள்ளயப் பாத்துக்க ஆள் இல்லன்னு அக்கா தவிச்சிக்கிட்டு இருந்துச்சு. வருசக் கடைசி வரைக்கும் இருக்கட்டான்னு கேட்டதும் நீங்க சிரிச்சிக்கிட்டே சரின்னுட்டீங்களாமே."

போனை வைத்துவிட்டு, சோபா இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அது எந்த நாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று நீ என்னவோ கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, அடுப்பைச் சிறிதாக்கி, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நீ சமைக்கும்போது அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. ஏதோ நல்ல சேதி, பேத்தி குப்புற விழுந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்ப சந்தோசம்" என்று சொல்லி இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினேன். உன் முகம் ஒரு மாதிரி ஆனது. பெரிய திரையில் அது நன்றாகவே தெரிந்தது. நீ திரும்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாய். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாய்.

நேற்றுதான் மர்மம் விலகியது. ஏழு மணிக்கு நான் வழக்கம்போல் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த வாசுகி கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள், மீதி நாள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங். அவளுக்கு இதெல்லாம் பழக்கம். சத்தம் வரவில்லையா என்று கையாலேயே கேட்டாள். நீ அப்போது பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தாய். அவள் குனிந்து மூலையிலிருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறியையும் அழுத்தினாள். மூன்று பெயர் வந்தது. புதுத் திரை, புதுக் கார்டு, பழைய ஸ்பீக்கர். திரைக்குப் போகும் ஒயர் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகுமாம். அதை மாட்டியதும் கம்ப்யூட்டர் தானாகவே உன் குரலைத் திரைப் பக்கம் திருப்பிவிட்டதாம். அந்தத் திரைக்கு ஸ்பீக்கரே கிடையாது. பிறகு கார்டைச் செருகியதும் அந்தப் பக்கம் திருப்பியது, அதில் நான் எதையும் மாட்டவில்லை. ஆக நீ பேசியது தினமும் இந்த மேசை வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. உன் முகத்தைப் பெரிதாக்கப் போய் நானே உன் வாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

வாசுகி மூன்றாவது பெயரை அழுத்தினாள்.

முதலில் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம் வந்தது. பிறகு நீ. என்னிடம் பேசவில்லை, பேத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாய். "தாத்தாவுக்கு நாம இல்லாம நல்லாத்தான் இருக்காம் கண்ணு. பாரு, எது சொன்னாலும் எப்படி தலைய ஆட்டுறாரு. ஒரு தடவகூட வந்துருன்னு சொல்லல."

வாசுகி கேட்கிறதா அங்கிள் என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கிறது என்றேன். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள். நீ இந்தப் பக்கம் திரும்பினாய். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா முறுக்குத் தட்டோடு வந்து, "சம்பந்தி சாப்பிட்டாச்சா" என்றார்கள். வந்துவிடு என்று ஒரு சொல், தனம். பாய்லர் இரைச்சலுக்கு மேலே கத்தியே பழகிய வாய் எனக்கு. அந்த ஒரு சொல்லுக்கு வாய் வரவில்லை. நான் என்ன செய்தேன் என்று நீதான் பார்த்தாயே. தலையை ஆட்டினேன்.

இதை எழுதுவதே அந்தத் தலையாட்டலுக்கு விளக்கம் சொல்லத்தான். நான் சம்மதித்தது சந்தோஷத்தில் இல்லை, காது கேளாமல். மற்றபடி, நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஷாமளா பாவம், தெரியாத ஊரில் ஆசிரியை வேலை, நம் ஜொகூர் பக்கம் மாற்றல் எப்போது கிடைக்குமோ தெரியாது. பேத்தியை யாரோ ஒருவர் கையில் விட்டுவிட்டு அவளால் பாடம் நடத்த முடியுமா? ஆகவே இப்போது காது நன்றாகக் கேட்கும் நிலையில், முழு மனதோடு சொல்கிறேன்: நீ வருடக் கடைசி வரைக்கும் இருந்துவிட்டே வா. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். சமைக்கிறேன், துவைக்கிறேன், தினமும் நடக்கப் போகிறேன். ஏழு மணிக்கு உன் சத்தமும் வந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை விஜயன் செனாய் விமான நிலையத்திலிருந்து சிபுவுக்குத் திரும்புகிறான். இந்தக் கடிதத்தோடு மிளகாய்த்தூளும் அப்பளமும் ஷாமளா கேட்ட ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பையும், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதையும் சொல். ஷாமளாவுக்கு ஆசீர்வாதம். பேத்தி நீண்ட ஆயுளோடும் நல்ல குரலோடும் வளரட்டும். அவள் அழுவதையும் நேற்றுக் கேட்டேன், குரலில் உன் பக்கம்தான். எல்லோரையும் அந்த முருகன் காப்பாற்றுவான்.

இப்படிக்கு,
உன் கணவன்
கமலநாதன்

பின்குறிப்பு: மேலே கம்ப்யூட்டரைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை. இருந்துவிட்டே வா என்று எழுதியது பொய். கடிதத்தைக் கொடுக்க விஜயன் வீட்டுக்குப் போனேன். "அதே பிளேன்ல எடம் இருக்குண்ணே, நீங்களே வந்து குடுங்களேன்" என்று பேச்சுக்குத்தான் சொன்னான். நான் அவன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து அவன் போனிலேயே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். போவதற்கு மட்டும். திரும்புவதற்கு உன்னோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். சம்பந்தியம்மா போனபின் அந்த அறை சும்மாதானே கிடக்கும், பேத்தியை நாம் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம். ஷாமளாவுக்கு மட்டும் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆகவே நீ இதைப் படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். பாதியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிடாதே, பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். படித்து முடித்ததும் ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்துவிட்டுச் சோறு போடு. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.