குண்டு மேஸ்திரியும் சாய்ந்த கோபுரமும்

உலகத்தில் நேராக நிற்கும் எதையும் குண்டு மேஸ்திரி பார்த்ததே கிடையாது. நாகல் நகரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. ஆள் என்னவோ ஊதினால் பறக்கிற ஒல்லி. சுவரின் நேர் பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டு எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும். பெயர் அதனால் வந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களை விட்டுவிட்டுப் பந்தல்காலைத்தான் பார்ப்பார்.

அவரையும் சேர்த்து நான்கு நண்பர்கள் தாய்லாந்து கிளம்பினோம். விமான நிலையத்தில், "பையில என்ன?" என்று கேட்டார்கள்.

"குண்டுய்யா" என்றார், கூசாமல்.

தனி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கடைசி நாள் அந்நாட்டின் பழைய தலைநகரான அயுத்தயாவின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் விமானம் ஏற வேண்டும். பழைய செங்கல் கோபுரங்கள், தலையில்லாத புத்தர் சிலைகள். நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, மேஸ்திரி ஒரு கோபுரத்தின் எதிரே குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முகம் வெளிறியது.

"ஏலே, சாயுதுடா! எல்லாரும் ஓடுங்க!"

தமிழ் தெரியாதவர்களும் ஓடினார்கள். காவலர்கள் மட்டும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.

அலுவலகத்தில், மொழிபெயர்க்கும் செல்போனை நடுவில் வைத்து விசாரணை. "நாலு சவுக்குக் கம்பு குடுங்கய்யா, முட்டுக் குடுத்துட்டு வாரேன்" என்று மேஸ்திரி கெஞ்சினார். போன் அதை என்னவென்று சொன்னதோ, அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "பிளேனு போச்சு" என்று நண்பன் ஆரோக்கியம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் கழித்து அதிகாரிக்கு விஷயம் புரிந்தது. அவர் சொன்னதைப் போன் தமிழில் வாசித்தது: "அது நூற்றாண்டுகளாகச் சாய்ந்தே இருக்கிறது."

பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. மேஸ்திரி வெளியே போய்ப் புல்லில் உட்கார்ந்தார்.

"ராசா காசுல, அம்புட்டுப் பேரு சேந்து கட்டுனதே இப்படிக் கெடக்கு. நான் கட்டுனதெல்லாம் எம்மாத்திரம்டா? எதுக்குடா இம்புட்டு வருசம் வெயில்ல நின்னேன்?"

"அண்ணே, நேரமாச்சுண்ணே."

"நீங்க போங்கடா."

ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்து வேனில் ஏற்றினோம்.

ஊர் திரும்பியவர் வேலைக்குப் போகவில்லை. செம்பட்டியில் பாதியில் நின்ற வீட்டின் சொந்தக்காரர் வந்து அழைத்தும், "எப்படியும் விழத்தான அப்பு போகுது" என்று அனுப்பிவிட்டார். உசுப்பிப் பார்க்கலாமென்று, "அண்ணே, எங்க வீட்டு வாசல் நிலை சாயுற மாதிரி இருக்கு" என்றேன்.

"சாயட்டும்" என்றார்.

போன மாதம் மற்ற மூவரும் அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தோம். இந்த முறை நிம்மதியாக ஊர் பார்க்கலாம் என்று ஆரோக்கியம்தான் ஆரம்பித்தான். ஆனால் மேஸ்திரி இல்லாமல் எந்த ஊரைப் போய்ப் பார்ப்பதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.