கேட்கப்படாத குரல் நூலகம்: திறப்பு விழா அறிக்கை

அச்சு இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்டதற்கு அடுத்தபடியாக உலகம் கண்ட பெரிய நிகழ்ச்சி, சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலுள்ள எங்கள் 'காவேரி கடாட்சம்' அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் நடந்தது. நான் அதன் சங்கச் செயலாளர். அரசு அலுவலகமொன்றில் மனுக்கள் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நிகழ்ச்சியின் பெயர் 'ஸீன் பயிலரங்கு'. ஸீன் என்றால், ஒரு தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, கையாலேயே எழுதி, வரைந்து, ஒட்டிச் செய்கிற குட்டிப் புத்தகம். பயிற்சி கொடுக்க வந்த தேவதர்ஷினி, துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பெண், எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: ஸீனுக்கு எடிட்டர் கிடையாது, பதிப்பாளர் கிடையாது, யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தக் கொள்கை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அனுமதி தேவையில்லை என்பதற்கு அனுமதி வழங்க உடனே மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைத்தோம்.

தலைப்பை சங்கத் தலைவர் பீமராவ் கொடுத்தார்: 'கேட்கப்படாத குரல்'. இதுவரை யாரும் காது கொடுக்காத குரலை அவரவர் ஸீனில் ஒலிக்கச் செய்ய வேண்டும். பீமராவ் தம்முடைய மூச்சுப் பயிற்சியைப் பற்றி எழுதினார். மூன்றாவது மாடி நவநீதன், தன் கார் நிற்கும் இடத்தில் யாரோ ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போகும் துயரத்தை எட்டுப் பக்கத்துக்கு வடித்தார். எட்டாம் பக்கத்தில் அவரால் தொடர முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

இடையில் தாள் தீர்ந்துவிட்டது. புதுத் தாள் வேண்டாம், ஒருபக்கம் எழுதிய பழைய தாள்தான் ஸீனுக்கு அழகு என்றார் தேவதர்ஷினி. நான் அலுவலக அறைக்கு இறங்கிப்போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் பதினெட்டு மனுக்கள் இருந்தன. எழுதியவர் எங்கள் படிக்கட்டுகளையும் வராந்தாக்களையும் பெருக்கித் துடைக்கும் அழகம்மாள்.

இந்த மனுக்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் பணியாளர்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. கட்டட வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் பீமராவின் கொலுப்படிகள் குடியிருந்தன. நவராத்திரி ஒன்பது நாள் நீங்கலாக அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேலைக்கு வரும் ஒன்பது பெண்களும் ஆற்றங்கரைக் கட்டணக் கழிப்பிடம் வரை நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். அழகம்மாள் ஒருநாள் அறையைத் திறந்துவிடச் சொல்லி வாய்மொழியாகக் கேட்டார். எழுத்துமூலமாகத் தாருங்கள் என்றேன். தந்தார். அடுத்த மாதம் வந்து கேட்டபோது, அது போன மாதத்து மனு, இந்த மாதத்துக்கு வேறு தர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். இப்படி ஒன்றரை வருடம். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டதைப் பன்னிரண்டாவது மனுவில் எழுதியிருந்தார். மாதாமாதம் எழுதியதில் அவருடைய கையெழுத்து நல்ல முன்னேற்றம் கண்டிருந்தது. இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது மாடி சுபஸ்ரீக்கு அந்தக் கையெழுத்து மிகவும் பிடித்துவிட்டது. மனுக்களிலிருந்து நான்கைந்து வரிகளைக் கத்தரித்து, சிவப்பு அட்டையில் கோணலாக ஒட்டி, வாசித்துக் காட்டினார்: "அய்யா, இனியும் அடக்க முடியவில்லை. கதவைத் திறந்துவிடுங்கள். எத்தனை நாள் காத்திருப்பது."

இதுதான் உண்மையான கலை, எத்தனை வலி என்றார் தேவதர்ஷினி. பீமராவ் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"இது சாட்சாத் பரமபத வாசலைத் திறக்கச் சொல்லி ஒரு ஆத்மா பண்ற பிரார்த்தனைங்க" என்றார்.

முதல் பரிசு சுபஸ்ரீக்கு. யாருடைய வரிகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கலையை விளக்கக் கூடாது.

டிபன் முடிந்து எல்லோரும் இறங்கிப்போனபிறகு அழகம்மாள் வெட்டுத் துண்டுகளைப் பெருக்க வந்தார். குனிந்தவர் ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"சார், இது என் எழுத்தாச்சே."

"ஆமாம்மா. எல்லாரும் கைதட்டினாங்க."

"தட்டட்டும் சார். சாவி குடுப்பீங்களா?"

"அதுக்கு மனு ஃபைல்ல இருக்கணுமேம்மா. இப்ப ஃபைல் காலியா இருக்கு."

அவர் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு படியிறங்கினார். எனக்கு நெஞ்சில் லேசாக ஏதோ உறுத்தியது. டிபன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அவசரப் பொதுக்குழு கூடியது. இத்தனை அருமையான ஸீன்களை வைக்க நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். கீழ்த்தள அறையைத் திறந்து 'கேட்கப்படாத குரல் நூலகம்' அமைப்பதென்று பத்தே நிமிடத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. ஒன்றரை வருடமாக நகர மறுத்த கொலுப்படிகள் கால்மணி நேரத்தில் பீமராவ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கழிப்பறைக் கோப்பையின் மேல் ஒரு பலகையைப் போட்டு, ஜமுக்காளம் விரித்து, ஸீன்களை அடுக்கினோம்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அழகம்மாளை அழைத்து, அறையைக் கடைசியாக ஒருமுறை துடைத்துவிடச் சொன்னேன். அவர் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே போனார். ஸீன்களை அடுக்குக் குலையாமல் ஜமுக்காளத்தோடு வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். பிறகு கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ரிப்பனுக்கு இந்தப் பக்கம் இருபது பிரமுகர்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தேவதர்ஷினி செல்போனில் படம் எடுப்பதை நிறுத்தினார். கதவு திறந்தது. அழகம்மாள் நிதானமாக வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "திறந்தாச்சு சார்" என்றார். அவருக்குப் பின்னால் மற்ற எட்டுப் பெண்களும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் வெளியே வர ஒருவர் உள்ளே போனார். அவர்களில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. தேவதர்ஷினி மட்டும், ரிப்பன் வெட்டக் கொடுத்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

விழா இனிதே நிறைவுற்றதாக மினிட்ஸில் எழுதினேன். 'முதல் நாள் வாசகர்கள்: பத்துப் பேர். அனைவரும் பெண்கள்.' அதற்குக் கீழே, நூல்களின் பாதுகாப்பைக் கருதி நூலகத்தை மறு உத்தரவு வரும்வரை பூட்டிவைப்பது என்ற தீர்மானமும் பதிவாயிற்று. அதை ஆதரித்து முதலில் கை தூக்கியவன், அந்தப் பதினெட்டு மனுக்களையும் ஒரு வரி விடாமல் படித்திருந்த ஒரே ஆளான நான்தான்.