இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே யேசுதாசன்

நடைமுறை தெரிந்தவனைவிட ஆபத்தான மனிதன் இல்லை. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புக் கட்டியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்றபின் கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலயப் பங்கின் மரணாதாரச் சங்கத்துக்குச் செயலாளரானேன். உறுப்பினர் யாராவது இறந்தால் சங்கம் பந்தலும், வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளும் அனுப்பும். மென்பொருள் கொம்பனியில் வேலை செய்யும் என் மகள் நிரோஷா, உறுப்பினர் விவரங்களுக்கு ஜாங்கோ என்ற மென்கருவியில் ஓர் இணையத்தளம் செய்துதந்தாள்.

"அப்பா, ஒரு டேட்டாபேஸ் போதும். செத்தவங்கட பேருக்குப் பக்கத்தில ஒரு அடையாளம் போட்டாச் சரி."

"செத்தவங்கட கோப்பையும் உயிரோட இருக்கிறவங்கட கோப்பையும் ஒரே அலுமாரியில வைக்கலாமெண்டு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?"

பெருமூச்சு விட்டு, உயிருள்ளோருக்கு ஒன்று, இறந்தோருக்கு ஒன்று என இரண்டாகவே செய்தாள். முதலில் உயிருள்ளோரில் பெயரை வெட்டி, பிறகு இறந்தோரில் பதிய வேண்டும் என்பதும் என் கட்டளைதான். இறந்தோர் பட்டியலில் பெயர் ஏறாமல் ஒரு கதிரைகூட வெளியே போகக் கூடாது என்று களஞ்சியத்துக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினேன். (மூன்று பிரதிகள்.)

சங்கக் கணினியில் தளத்தை நிறுவிய அன்று நிரோஷா தொலைபேசியில் சொன்னாள்: "மைக்ரேட் கட்டளைய ரெண்டு தரம் குடுங்கப்பா. சும்மா குடுத்தா முதலாவதுக்கு மட்டும்தான் அட்டவணை உண்டாகும். ரெண்டாவதுக்கு அதின்ட பேரையும் சொல்லிக் குடுக்கோணும்."

ஒரு முறைதான் கொடுத்தேன். திரை முழுக்க ஓகே, ஓகே என்று வந்தது. நிறைவேறிய உத்தரவைத் திரும்பவும் பிறப்பிப்பது என் கந்தோரில் அவமானம்.

முதலில் இறந்தவர் யேசுதாசன், என் நண்பர். முப்பது வருடமாக ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் கதிரை சுமந்தவர். பெயரை வெட்டினேன், வெட்டுப்பட்டது. பதிந்தேன். அப்படியோர் அட்டவணை இல்லை என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஏதோ வந்தது. 'நடவடிக்கை தேவையில்லை' என்று மனதுக்குள் குறிப்பெழுதி மூடிவிட்டேன்.

மறுநாள் பத்து மணி வெயிலில், பந்தலில்லாத முற்றத்தில் ஊரே நின்றது. களஞ்சியக்காரர் பெர்னாண்டோவுக்குப் போன் எடுத்தேன்.

"சேர், லிஸ்டில பேர் இல்லையே. நீங்கதானே சைன் பண்ணி அனுப்பினீங்க? வாசிக்கட்டா?"

வாசித்தார். பிழையே இல்லாத சுற்றறிக்கை.

கெஞ்சி முடித்து, பந்தல் வந்து சேர்ந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் கதிரை போட்டவரின் வாசலில் நூறு கதிரைகள், அடுக்கியபடியே. அவர் மனைவி ரெஜினாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப இவர் உயிரோட இருக்கிறவங்களிலயும் இல்ல, செத்தவங்களிலயும் இல்லையா, அண்ணே?"

"இப்போதைக்கு... இல்லை."

"மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையில இருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆண்டவர்தான் அனுப்புவாரெண்டு நினைச்சன்."

அன்றே நிரோஷா இரண்டாம் கட்டளையைக் கொடுத்தாள். யேசுதாசன் முறைப்படி இறந்தார். எங்கள் வீட்டில் இன்றும் என் கண்ணாடி தொலைந்தால், "உத்தரிக்கிற ஸ்தலத்தில பாருங்கோ" என்கிறாள் மனைவி.

யேசுதாசனின் ஆண்டுப் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் கதிரை உண்டு. எனக்கு மட்டும், தருமுன் ரெஜினா அதன் முதுகைப் பிடித்தபடி கேட்பார்: "அண்ணே, உங்கட பேர் எந்த லிஸ்டில?"

"உயிரோட இருக்கிறவங்களில" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வருடமும் உட்காருகிறேன்.