கமலவேணிக்கு ஒரு மாலை

மாமல்லபுரம் ஓவியக்கூடத்தின் வாசலில் பேனரை விரித்துக் கட்டியதும் ஸ்வாதிக்குத் தலை சுற்றியது. 'மறைந்த ஓவியர் கமலவேணியின் அறுபதாண்டு ஓவியங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கமலவேணிக்கு எண்பத்து நான்கு வயது. மறையவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார்.

பேனர் அடித்த ஷபீர் போனை எடுக்கவில்லை. ஸ்வாதி பொறுப்பேற்று நடத்தும் முதல் கண்காட்சி இது. வேலை நிலைக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. 'மறைந்த' மேல் வெள்ளைத்தாளை ஒட்டினாள். கடல்காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"இன்னா மேடம், இதுக்குப் போயி! பூவால மறைச்சிடலாம்," என்று வாட்ச்மேன் துரை ஓடிப்போய் சாமந்தி மாலை வாங்கிவந்து மேலே வீசி மாட்டினார். அது எழுத்தைவிட்டு நழுவி, கீழே சிரித்துக்கொண்டிருந்த கமலவேணியின் போட்டோவைச் சுற்றி அம்சமாகத் தொங்கியது.

"ஐயோ, எடுங்கண்ணா!"

துரை ஏணி எடுத்துவரப் போன நேரத்தில், கல்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பூக்காரம்மா ஊதுபத்தி கொளுத்தினாள். யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஏணியோடு வந்த துரையை மாலையைத் தொடக் கூட்டம் விடவில்லை.

ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள். கமலவேணியின் தம்பி மகன் தீனதயாளன் இறங்கும்போதே அழுதார்.

"சார், உங்க அத்தை நல்லா இருக்காங்க!"

"எங்க இருந்தாலும் நல்லாத்தாம்மா இருப்பாங்க," என்று கண்ணைத் துடைத்தார். "காலேஜ்ல ஒரே பொம்பளையா ஒக்காந்து வரஞ்சாங்க. கண்ணு எங்க, மூக்கு எங்கன்னு நாங்க சிரிச்சிகினே இருந்துட்டோம்."

ஸ்வாதி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எல்லோரும் உள்ளே போய், மீன்காரப் பெண்கள் நீல முக்கோணங்களாக நிற்கும் பெரிய ஓவியத்தின் முன் நகராமல் நின்றார்கள்.

அப்போது கார் வந்தது. ஸ்வாதி பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"அம்மா, பின்வாசல் வழியா போலாம். அங்க... நல்லா காத்து வரும்."

கமலவேணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாலையைப் பார்த்தார். ஊதுபத்தியைப் பார்த்தார்.

"போட்டோ நல்லா வந்திருக்கு," என்றபடி முன்வாசல் வழியாகவே நடந்தார்.

உள்ளே ஓர் அலறல். பிறகு அழுகை. பிறகு சிரிப்பு. ஸ்வாதி பயந்தபடி எட்டிப்பார்த்தாள். தீனதயாளன் அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்த ஓரத்து நீலம் யாரு அத்தை? எங்கம்மாவா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார் கமலவேணி. முகமெல்லாம் சிரிப்பு.

வெளியே ஷபீர் பைக்கை நிறுத்துவது தெரிந்ததும் ஸ்வாதி பாய்ந்தாள்.

"ஒரு வார்த்தையில என்னைக் கொல்லப் பாத்தீங்களே!"

"என்னாண்ட கத்தாதீங்க மேடம். நீங்க அனுப்புனதுல அந்த வார்த்தயே இல்ல. நேத்து போட்டோல கீற அந்தம்மாதான் கடைக்கு போன் பண்ணி சேக்கச் சொன்னாங்க. 'உசுரோட கீறவள பாக்க எங்கூட்டு ஆளுங்க வரமாட்டாங்க தம்பி'ன்னு."